மாதம் 721 ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை மாலைப் பள்ளி முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அக்கா, போன வருஷம் மூணு மாசம் சர்வே வேலைக்குப் போனேன்ல? மாசம் பன்னெண்டாயிரம்னு பேசினாங்க. கைக்கு 10,800தான் வந்துச்சு. கேட்டா டிடிஎஸ்னு சொல்றாங்க. அது போனது போனதுதானாக்கா?"

இல்லை தம்பி, போகவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் வயதில் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லையே என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கேட்காமல் இருந்ததற்கு நான் கொடுத்த விலை 14,670 ரூபாய். அந்தக் கதையை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தத் தளத்தில் வன்கொடுமை வழக்குகளைப் பற்றி எழுதுவோம், பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுதுவோம், நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களைப் பற்றி எழுதுவோம். வருமான வரி ரீஃபண்டைப் பற்றி எழுதினால் "இது யாருக்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். வரி என்பது பணக்காரர் பிரச்சினை என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் முதல் தலைமுறையாகச் சம்பளச் சீட்டு வாங்குகிறவர்கள் எந்த வேலையில் இருக்கிறோம் என்று பாருங்கள். ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், கள ஆய்வாளர், கன்சல்டன்ட், தொகுப்பூதியம், மதிப்பூதியம். இந்த வேலைகளில் எல்லாம் நமக்கு வரி உண்டா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்பே பணத்தைப் பிடித்துவிடுவார்கள். அதைத் திரும்ப வாங்குவது நம் வேலை. வசதி உள்ளவருக்கு ஆடிட்டர் இருக்கிறார். நமக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்தான்.

தம்பி விஷயத்தில் நடந்தது எளிது. அவருக்குக் கொடுத்ததைச் சம்பளம் என்று காட்டாமல், தொழில்முறைக் கட்டணம் என்று காட்டியிருக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் வரும் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். (2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 50,000.) அவர் வாங்கியது 36,000, பிடித்தது 3,600. ஆண்டு முழுக்க 36,000 சம்பாதித்த ஒருவருக்கு வரி ஒரு பைசா கிடையாது. அந்த 3,600 முழுக்க அவருடையது, ரிட்டர்ன் போட்டால் வந்துவிடும்.

வரும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வருகிற வழியில் என்னென்ன நடக்கும் என்பதற்கு என் கதைதான் எனக்குத் தெரிந்த பாடம்.

2022-23இல் நானும் ஒரு கன்சல்டன்ட். பெயர்தான் அது. காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்து, வாரம் ஆறு நாள், விடுப்புக்கு அனுமதி என்று எல்லாம் வேலைக்காரருக்கு உள்ளதுதான். பிஎஃப் மட்டும் கிடையாது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு, நான் பார்த்த வரையில், தொண்டு நிறுவனங்களில் ஊழியர் குறைந்து கன்சல்டன்ட் கூடிப்போனார்கள். மாதம் 30,000 பேசி, 3,000 பிடித்துக்கொண்டு 27,000 கொடுத்தார்கள். ஆண்டுக்குப் பிடித்தது 36,000. என் வருமானம் 3,60,000. அந்த ஆண்டு 5 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்ஜியம். ஆக 36,000மும் திரும்ப வர வேண்டும்.

ஜூலை மாதமே ரிட்டர்ன் போட்டேன். அம்மா இருக்கிற வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு ஷீட் உடைந்து, மழை வந்தால் அடுப்படியில் அன்னக்கூடை வைத்துத் தண்ணீர் பிடிப்போம். ரீஃபண்ட் வந்ததும் ஐப்பசிக்கு முன்னால் ஷீட் மாற்றிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டது. மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் வரவில்லை. செப்டம்பர், அக்டோபர், ஒன்றும் இல்லை. உடன் வேலை பார்த்தவர்களுக்கு மூன்று வாரத்தில் வந்திருந்தது. சட்டப்படி, ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் வரை அதைச் செயலாக்க வரித்துறைக்கு அவகாசம் உண்டு. அது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூரைக்கு அது தெரியாது.

நவம்பரில் பணம் வந்தது. 22,770 ரூபாய்.

எங்கோ தட்டச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். போர்ட்டலுக்குள் போய் 143(1) அறிவிப்பைப் பதிவிறக்கினேன். ரீஃபண்ட் 36,000. எட்டு மாத வட்டி 1,440. ஆக 37,440. அதற்குக் கீழே ஒரு வரி: 2017-18 மதிப்பீட்டு ஆண்டின் நிலுவைக்காகச் சரிக்கட்டியது 14,670.

நிலுவையா? எனக்கா? கடனை வாங்கி ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டு ஓடினவளைப் போல ஒரு கூச்சம். மானியக் கடனுக்கும் சாதிச் சான்றுக்கும் மற்றவர்களை அழைத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்கு நெஞ்சை நிமிர்த்திப் போகிறவள், இதை ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் "பாதிதான் வந்துச்சு, மீதி வரும்" என்று பொய் சொன்னேன். அந்த மழைக்கும் அன்னக்கூடைதான்.

ஒரு வாரம் கழித்துதான் மண்டையில் வேலை நடந்தது. 245ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அரசு தர வேண்டிய ரீஃபண்டை, நீங்கள் அரசுக்குத் தர வேண்டிய பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிப்பதற்கு முன் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீங்கள் "ஒப்புக்கொள்கிறேன்" என்றோ "ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் இது" என்றோ பதில் போடலாம். கெடு அந்த நோட்டீசிலேயே இருக்கும். பதில் போடாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு நோட்டீஸ் வந்ததா? வந்திருந்தது. எந்த மின்னஞ்சலுக்கு? 2017இல் முதன்முதலாக எனக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டர் அண்ணனுடைய மின்னஞ்சலுக்கு. கணக்குத் தொடங்கியபோது அவருடைய முகவரியைத்தான் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நானும் மாற்றவில்லை. அவரிடம் போனேன். நல்ல மனிதர், கடையை மூடிவிட்டு இப்போது பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். "அந்த ஐடியில ஊரு ஜனம் முந்நூறு பேரு மெயிலு கெடக்கும்மா, நான் தொறந்தே நாலு வருஷம் ஆவுது" என்றார். முந்நூறு பேர்! அதில் எத்தனை பேருக்கு எத்தனை நோட்டீஸ் கிடக்கிறதோ. இதைப் படிக்கிறவர்கள் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, போர்ட்டலில் உங்கள் பெயருக்கு யாருடைய மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தாலும் சரி.

(அந்த நோட்டீசை அச்செடுத்துப் பார்த்தேன். முகவரியில் எங்கள் ஊர்ப் பெயரும் பக்கத்தில் "காலனி"யும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் அறிவித்தார். வரித்துறை நம்மைத் தேடிவரும்போது இன்னும் அந்த வழியாகத்தான் வருகிறது.)

சரி, பாக்கி எப்படி வந்தது? 2016-17இல் நான் வேறொரு நிறுவனத்தில் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். வெளிநாட்டு நிதி தாராளமாக வந்த காலம். சம்பளம் 32,000. ஆண்டு வருமானம் 3,84,000. இரண்டரை லட்சம் போக மீதிக்குப் பத்து சதவீதம் 13,400, அதில் தள்ளுபடி 5,000 போக 8,400, மூன்று சதவீத செஸ் 252. மொத்தம் 8,652. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 721 ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள். கணக்கு கச்சிதம். பிடித்ததில் தப்பே இல்லை. பிடித்ததை அரசுக்குக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

நான் ரிட்டர்னில் "8,652 பிடித்துவிட்டார்கள்" என்று போட்டிருந்தேன். துறையின் கணினியில் என் பான் எண்ணுக்கு நேராக 26ஏஎஸ் படிவத்தில் ஒன்றுமே இல்லை. இயந்திரம் என்ன செய்யும்? இவள் கட்டவில்லை என்று 2018 ஜனவரியில் 8,650 ரூபாய் கேட்பு போட்டது. அந்தக் கேட்பு என் கண்ணுக்குத் தெரியாமல் ஆறு ஆண்டு வளர்ந்தது. கட்டாத கேட்புக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி, 220(2) பிரிவு. எழுபது மாதத்துக்கு 6,020. அசலும் வட்டியும் 14,670.

கவனித்தீர்களா? என் பணம் அரசிடம் இருந்தால் அரசு எனக்குத் தரும் வட்டி மாதம் அரை சதவீதம். நான் பாக்கி என்று எழுதிவிட்டால் நான் தர வேண்டியது மாதம் ஒரு சதவீதம். அரசு தந்த அரை சதவீத வட்டிக்கு அடுத்த ஆண்டு வருமானக் கணக்கில் வரி வேறு உண்டு.

படித்த சமூகவியலில் எனக்குப் பிடித்த பகுதி, அதிகாரம் எப்படிக் காகிதத்தின் வழியாக இயங்குகிறது என்பது. யாரிடம் பதிவேடு இருக்கிறதோ அவர் சொல்வது உண்மை. பண்ணையில் வேலை செய்த தாத்தாவுக்கு எத்தனை மூட்டை கூலி பாக்கி என்பது பண்ணையார் நோட்டில்தான் இருந்தது. தாத்தா நினைவில் வைத்திருந்ததற்கு மதிப்பில்லை. நான் எம்.ஏ. படித்துவிட்டு வந்து, என் கணக்கை இன்னொருவர் நோட்டில் விட்டுவிட்டேன்.

ஆனால் அம்மாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. சாதிச் சான்று, டி.சி., ரேஷன் கார்டு நகல், நான் மூன்றாம் வகுப்பில் வாங்கிய கட்டுரைப் போட்டிச் சான்றிதழ், எல்லாம் அதற்குள். அச்செழுத்து உள்ள எந்தக் காகிதத்தையும் அம்மா தூக்கிப்போட்டதில்லை. பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டும் அதற்குள் இருந்தது. ஒவ்வொன்றிலும் "டிடிஎஸ் 721". பழைய பாஸ்புக்கில் மாதாமாதம் 31,279 வரவு. 32,000இல் 721 போனால் 31,279. படிவம் 16 என்று நிறுவனம் கொடுத்த தாளும் இருந்தது. அதை இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். படிவம் 16இல் இரண்டு பகுதி உண்டு. ஏ பகுதி, துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து எடுத்துத் தர வேண்டியது. பணம் கட்டிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால்தான் அது கிடைக்கும். என்னிடம் இருந்தது நிறுவனமே தட்டச்சு செய்த பி பகுதி மட்டும். 2017இல் அந்தத் தாளில் முத்திரையும் கையெழுத்தும் பார்த்து நம்பிவிட்டேன்.

சட்டம் இந்த இடத்தில் நம் பக்கம் இருக்கிறது. 205ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவரிடமிருந்து மூலத்தில் வரி பிடித்துவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியை மறுபடி அவரிடம் கேட்கக் கூடாது. பிடித்தவர் கட்டாவிட்டால் பிடித்தவரைக் கேட்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியமே 2015லும் 2016லும் அதிகாரிகளுக்கு இதை எழுதி நினைவூட்டியது. ஒரு முழு நீதிமன்ற வரலாறும் இருக்கிறது. ரீஃபண்டை நோட்டீஸ் இல்லாமல் சரிக்கட்டுவது, டிடிஎஸ் பொருந்தவில்லை என்று கேட்பு போடுவது இவற்றைப் பற்றி ஒரு பட்டயக் கணக்காளர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டு 2013 மார்ச்சில் தீர்ப்பளித்தது. முன்னறிவிப்புக் கொடுத்து, பதிலைப் பரிசீலித்த பிறகுதான் சரிக்கட்ட வேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு கடிதம். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன தோழர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணல் அம்பேத்கரை வழக்கறிஞராகவும் அரசியலமைப்பின் சிற்பியாகவும் மட்டும் பார்க்கிறோம். அவர் பொதுநிதி படித்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றிய அவருடைய நூல் 1925இல் வந்தது. அரசியலமைப்பின் 265ஆவது உறுப்பு ஒரே ஒரு வாக்கியம்தான்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. என் 721 ரூபாயை இரண்டாவது முறை எடுப்பதற்கும் அந்த உறுப்பு பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சட்டம் நம் பக்கம் இருப்பது ஒன்று, நேரம் நம் பக்கம் இருப்பது வேறு. 143(1) அறிவிப்பில் தவறு இருந்தால் 154ஆவது பிரிவில் திருத்த மனு போடலாம். அதற்கு, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு கெடு. என் உத்தரவு 2018 ஜனவரி. கெடு 2022 மார்ச்சில் முடிந்திருந்தது. 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் பழைய சிறு கேட்புகளைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய்க்குள், அதற்குப் பிறகு 2014-15 வரை 10,000 ரூபாய்க்குள். என்னுடையது 2016-17. இரண்டு ஆண்டில் தவறிப்போனது. அதுவும் என் பணத்தை எடுத்த பிறகு வந்த அறிவிப்பு.

அப்படியானால் போக வேண்டிய இடம் பழைய நிறுவனம்தான்.

இங்கேதான் எனக்குக் கால் வரவில்லை. அதை நடத்துகிற அய்யா நம் ஆள். எங்கள் பகுதியில் அவர் கால் படாத சேரி கிடையாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். உண்மையறியும் குழுவில் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவை விட்டுவிட்டார்கள் என்று எப்படிப் பார்க்க வேண்டும், எல்லாம் அவரிடம் படித்தது. அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை.

சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தார். மறுக்கவில்லை.

"அந்த வருஷம் ஃபண்டு லேட்டாச்சும்மா. கணக்கு பாத்தவரும் பாதியில வுட்டுட்டுப் போயிட்டாரு. அந்தப் பணத்துல நான் என்ன நகை நட்டா வாங்கினேன்? கலவரக் கேசுல நம்ம புள்ளைங்க பதினோரு பேர ஜாமீன்ல எடுத்தமே, அதுக்கு எங்கேருந்து காசு வந்துச்சு? நீயுந்தான கோர்ட்டுல நின்ன?"

நின்றேன். அன்றைக்கு ஜாமீன் கிடைத்ததும் கோர்ட்டு வாசலில் அழுத தாய்மார்களோடு நானும் அழுதேன். என் 721 ரூபாயும் அங்கே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே அய்யா, மாதம் ஆயிரமாகவே கொடுத்திருப்பேனே என்றேன். கேட்கவில்லை. அரசுக்குக் கட்டியதாகச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டார். துப்புரவுத் தொழிலாளர் சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாத ஒப்பந்தக்காரரைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஒருமுறை துண்டறிக்கை எழுதினோம்.

மேசையைத் திறந்து ஒரு கவர் எடுத்தார். "ஒன்பதாயிரம் இருக்குது. வச்சுக்கோம்மா. நம்ம வீட்டு விஷயம், வெளியில எதுக்கு?"

கூரை ஞாபகம் வந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் கை போனது, பொய் சொல்லவில்லை. "மத்த அஞ்சு பேருக்கு?" என்று கேட்டேன். அந்த ஆண்டு சம்பளப் பட்டியலில் ஆறு பேர் இருந்தோம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கவரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்து பேரையும் தேடிப்பிடிக்க இரண்டு மாதம் ஆனது. ஒரு அக்காவுக்கு 2019இலேயே ரீஃபண்ட் முழுக்கச் சரிக்கட்டியிருக்கிறார்கள். "கவர்மென்டு புடிச்சிக்கிச்சு, நாம என்ன பண்றது" என்று விட்டுவிட்டார். இரண்டு பேர் அந்த ஆண்டு ரிட்டர்னே போடவில்லை, அவர்கள் பணமும் பிடித்ததுதான். ஒருவர் இப்போது அரசு வேலையில் இருக்கிறார், "எம் பேரு வேணாம் தோழர்" என்றார். இன்னொருவர் "அய்யாவுக்கு எதிராவா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். ஆக நான்கு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதினோம். பிடித்த வரியைக் கட்டாமல் இருப்பது 276பி பிரிவின் கீழ் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை ஒரு வரியில் எழுதலாமா என்று நீண்ட விவாதம். அக்கா வேண்டாம் என்றார். நான் எழுத வேண்டும் என்றேன். எழுதினோம்.

மூன்று மாதம் பதில் இல்லை. கூட்டங்களில் பார்த்தால் அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது அந்த 14,670ஐவிட வலித்தது. பிறகு 2024 ஜூனில் நிறுவனம் ஆறு பேருக்கும் பிடித்த வரியை, மாதம் ஒன்றரை சதவீத வட்டியோடு கட்டிக் கணக்குத் தாக்கல் செய்தது. பிடித்துவிட்டுக் கட்டாதவருக்கு வட்டி அந்த விகிதம்தான். அதற்காக டிரஸ்டின் வேனை விற்றதாகக் கேள்விப்பட்டேன். எத்தனை ஊருக்கு அந்த வேனில் போயிருக்கிறோம். சரியாகத்தான் செய்தோமா என்று இன்னும் சில ராத்திரிகளில் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடாத அந்த இருவர் பெயருக்கும் வரி கட்டியாகிவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

என் 26ஏஎஸ் படிவத்தில் ஏழு ஆண்டு கழித்து 8,652 ரூபாய் ஏறியது. அதைக் காட்டி, சம்பளச் சீட்டு, பாஸ்புக் நகல், 205ஆவது பிரிவு எல்லாவற்றையும் இணைத்து வரி அதிகாரியிடம் மனுக் கொடுத்தேன். கெடு தாண்டிய மனு என்பதால் மேலே கேட்க வேண்டும் என்றார்கள். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் எழுதுகிறேன். கூரைக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி ஷீட் போட்டுவிட்டது.

இனித் தம்பியின் 3,600க்கு வருகிறேன்.

இந்த ஞாயிறு அவரையும் இன்னும் நான்கு பேரையும் உட்கார வைத்து போர்ட்டலைத் திறந்தோம். முதலில் 26ஏஎஸ். 3,600 ஏறியிருந்தது. நல்ல நிறுவனம், கட்டியிருக்கிறார்கள். ஏறாமல் இருந்திருந்தால் ரிட்டர்ன் போடும் முன்பே அவர்களைப் பிடித்திருப்போம், என்னைப் போல் ஏழு ஆண்டு கழித்து அல்ல. எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்பதையும் பாருங்கள். 192 என்றால் சம்பளம். 194ஜே என்றால் சம்பளம் அல்ல, ஐடிஆர்-1 அதற்குப் பொருந்தாது. பிரவுசிங் சென்டரில் எல்லாருக்கும் ஐடிஆர்-1தான் போடுவார்கள். படிவம் மாறினால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும், ரீஃபண்ட் அங்கேயே நின்றுவிடும். செப்டம்பர் கெடு போய்விட்டதே என்று தம்பி பயந்தார். டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். வருமானம் வரி வரம்புக்குள் இருக்கிறவருக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. போட்ட பிறகு முப்பது நாளுக்குள் ஆதார் ஓடிபி வைத்துச் சரிபார்க்க மறந்தால் போட்டதே கணக்கில் வராது. பான் எண்ணை ஆதாரோடு இணைக்காமல் செயலற்றுப் போயிருந்தால் ரீஃபண்டும் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் வராது. இணைக்க ஆயிரம் ரூபாய் கட்டணம்.

எல்லாம் சரியாகப் போனது, வங்கிக் கணக்கு வரும் வரை. பான் அட்டையில் இருக்கிற பெயரும் வங்கியில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கைச் சரிபார்க்கும், ரீஃபண்டும் போய்ச் சேரும். பான் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை, கடைசிப் பெயர் என்று கேட்பார்கள். வடக்கே அந்த இடத்தில் சாதிப் பெயர் இருக்கும். நமக்குச் சாதிப் பெயர் போடும் பழக்கம் இல்லை, அப்பா பெயரைப் போடுகிறோம். அப்பா பெயர் ஒன்றாக இருந்தால்தானே? தம்பியின் அப்பாவுக்குத் தாத்தா வைத்த பெயர் பிச்சை. பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் அவரே பெரியவனான பிறகு பிச்சைமுத்து ஆக்கிக்கொண்டார். ஆதாரில் பிச்சைமுத்து. தம்பியின் மாற்றுச் சான்றிதழில் பிச்சை. சான்றிதழைப் பார்த்துப் பான் எடுத்ததால் அதிலும் பிச்சை. வங்கியில் வெறும் பி.

"அப்பா பேர மாத்தினது தப்பாக்கா?" என்றார் தம்பி.

தப்பில்லை என்றேன். பான் திருத்த விண்ணப்பத்தைத் திறந்து அப்பா பெயரை முழுசாக, பிச்சைமுத்து என்று அடிக்கச் சொன்னேன். ஆதாரிலும் பான் அட்டையிலும் வங்கியிலும் ஒன்றாகிவிட்டால் அடுத்த மாதம் ரிட்டர்ன் போட்டுவிடலாம். டிசம்பர் 31க்கு இன்னும் நாள் இருக்கிறது. மின்னஞ்சல் கேட்ட கட்டத்தில் தம்பி என் முகவரியை அடிக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன்.